எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங்

எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங் (டிசம்பர் 18, 1890 - ஜனவரி 31, 1954) ஓர் அமெரிக்க மின்பொறியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். வெற்றிடக் குழாய்களைக் கொண்டு இயங்கிய வானொலியின் நான்கு முக்கியச் சுற்றமைப்புகளுடன் இவருடைய பெயர் பிணைந்துள்ளது. மீளாக்கச் சுற்று (1912), சூப்பர்ஹெட்டிரோடைன் வாங்கி (1918), மிகை மீளாக்கச் சுற்று (1921), அகலப்பட்டை அதிர்வெண் பண்பேற்றம் (1933) என்பனவே அவை. இவற்றுள் இறுதியாகக் குறிப்பிடப்பட்டதே இன்று பண்பலை என அழைக்கப்படும் ஒலிபரப்பு முறைக்கு அடிப்படையாகும்.

தொலைவில் உள்ளவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் பரப்பியின் திறனைக் கூட்ட வேண்டும் என்னும் கருத்து இவர் காலத்தில் பரவலாக இருந்தது. குழாயை இணைக்கும் முறையையும் பண்பேற்றும் முறையையும் மாற்றினால், திறனைக் கூட்டாமலேயே அதனினும் சிறந்த பயனைப் பெறலாம் என ஆம்ஸ்ட்ராங் செய்து காட்டினார். எனினும் இவருடைய வாழ்வின் பெரும்பகுதி காப்புரிம வழக்குகளில் கழிந்தது. இவர் உருவாக்கிய பண்பலை நிலையங்களின் அதிர்வெண்ணும் திறனும் 1945இல் அரசு ஆணையால் மாற்றப்பட்டன.

இளமைக் காலம்

ஆம்ஸ்ட்ராங் நியூயார்க் நகரின் செல்சி பகுதியில் பிறந்தார். இவருடைய தந்தை ஜான் ஆம்ஸ்ட்ராங், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் அமெரிக்கக் கிளையில் பணியாற்றினார். தாய் எமிலி ஸ்மித் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். சிறு வயதில் கொரியா என்னும் நரம்பு நோயால் பாதிக்கப்பட்டதால், இவர் இரண்டாண்டுகள் பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே கல்வி கற்றார். நோய் நீங்கிய பின்னும், மனக்கிளர்ச்சியின்போது கழுத்தும் தோளும் தாமாகத் துடிக்கும் நிலை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

பின்னர் இக்குடும்பம் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள யோங்கர்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. மார்க்கோனியின் கண்டுபிடிப்புகளைப் பற்றிப் படித்த ஆம்ஸ்ட்ராங், பதினான்கு வயதளவில் தாமும் கண்டுபிடிப்பாளராக வேண்டும் என முடிவு செய்தார். வீட்டின் மாடி அறையில் கம்பியில்லாத் தந்திக் கருவிகளை அமைத்தார். தொலைவிலிருந்து வரும் மெலிந்த குறிகைகளைக் கேட்பதற்காக, வீட்டருகே 125 அடி உயரமுள்ள ஆன்டெனா கம்பத்தைத் தாமே எழுப்பினார். உயரமான கோபுரங்களில் ஏறுவதில் இவருக்கு இருந்த விருப்பம் இறுதிவரை குறையவில்லை.

கல்வி

1909ஆம் ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். யோங்கர்சிலிருந்து நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் வகுப்புக்குச் சென்று வந்தார். அங்கு பேராசிரியர் மைக்கேல் புப்பினின் ஆய்வகத்தில் பயிற்சி பெற்றார். 1913இல் மின்பொறியியலில் பட்டம் பெற்ற பின் அதே துறையில் உதவியாளராகப் பணியில் சேர்ந்தார். இடையில் போர்க்காலப் பணி நீங்கலாக, இவருடைய ஆய்வு வாழ்க்கை பெரும்பாலும் கொலம்பியாவைச் சார்ந்தே அமைந்தது. புப்பினுக்குப் பின் 1934இல் பேராசிரியரானார்.

மீளாக்கச் சுற்று

லீ டி ஃபாரஸ்ட் 1906இல் ஆடியான் என்னும் மும்முனைய வெற்றிடக் குழாயை உருவாக்கியிருந்தார். சூடாகும் இழை, கிரிட், தகடு ஆகிய மூன்று மின்முனைகள் அதில் இருந்தன. அது ஓரளவு நன்றாகவே குறிகைகளைக் கண்டறிந்தது. ஆயினும் அதன் செயல்பாடு எவருக்கும் முழுமையாக விளங்கவில்லை. மாணவராக இருந்த ஆம்ஸ்ட்ராங், குழாயின் மின்னோட்டங்களை அளவி கொண்டு ஒவ்வொன்றாக அளந்து பார்த்தார். கிரிட்டில் ஏற்படும் சிறு மின்னழுத்த மாற்றம், தகட்டு மின்னோட்டத்தில் பெரிய மாற்றத்தை உண்டாக்குகிறது என்பதை அதன் மூலம் தெளிவுபடுத்திக் கொண்டார்.

1912ஆம் ஆண்டில் அவர் தகட்டுச் சுற்றிலுள்ள உயர் அதிர்வெண் மின்னோட்டத்தின் ஒரு பகுதியை, ஒரு கம்பிச்சுருளின் வழியாகக் கிரிட் சுற்றுக்கே திருப்பி அனுப்பினார. ஒருமுறை பெருக்கப்பட்ட குறிகை மீண்டும் உள்ளே சென்று மீண்டும் பெருக்கப்பட்டது. இதனால் ஒரே குழாயிலிருந்து முன்னர் கிடைத்ததைப்போல் பல மடங்கு பெருக்கம் கிடைத்தது. காதில் அணியும் கருவியை உற்றுக் கேட்டால் மட்டுமே புலப்பட்ட நிலையங்கள், அறை முழுவதும் கேட்கும் அளவுக்கு ஒலித்தன.

இப்பின்னூட்டத்தை ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் கூட்டியபோது, வெளியிலிருந்து குறிகை எதுவும் வராமலேயே குழாய் தானாக உயர் அதிர்வெண் அலைகளை உண்டாக்கத் தொடங்கியது. அதாவது, அலைகளை வாங்கும் அதே குழாய் அலையியற்றியாகவும் மாறியது. அக்காலத்தில் பரப்பிகள் தீப்பொறி இடைவெளி, மின்வில், பெரும் சுழல் மின்னாக்கி ஆகியவற்றை நம்பியிருந்தன. ஒரு கண்ணாடிக் குழாயே தூய, தொடர்ச்சியான அலையை உண்டாக்க முடியும் என்பது பரப்பிகளின் அமைப்பையே மாற்றியது. 1915இல் அமெரிக்காவின் ஆர்லிங்டனிலிருந்து பாரிசுக்கு மனிதக் குரல் அனுப்பப்பட்டபோது, நூற்றுக்கணக்கான குழாய்கள் பக்க இணைப்பில் பயன்படுத்தப்பட்டன. 1920களில் குழாய்ப் பரப்பிகள் பழைய முறைகளை ஏறக்குறைய முற்றிலும் நீக்கிவிட்டன.

காப்புரிமம் கோருவதற்கு வேண்டிய பணத்தைத் தர இவருடைய தந்தை மறுத்தார். முதலில் பட்டப் படிப்பை முடிக்கும்படி கூறினார். எனவே ஆம்ஸ்ட்ராங் தம் சுற்றின் வரைபடத்தை 1913 ஜனவரி 31 அன்று சான்றுறுதி அலுவலரிடம் பதிவு செய்து வைத்தார். காப்புரிம விண்ணப்பம் அவ்வாண்டு அக்டோபரில்தான் அளிக்கப்பட்டது. 1914 அக்டோபர் 6 அன்று காப்புரிமம் வழங்கப்பட்டது. குழாயை அலையியற்றியாகப் பயன்படுத்துவது குறித்துத் தனி விண்ணப்பம் பின்னர் அளிக்கப்பட்டது. இந்தத் தாமதமும் பிரிவும் பிற்கால வழக்குகளில் இவருக்குப் பாதகமாக அமைந்தன.

1914 ஜனவரி இறுதியில் நியூ ஜெர்சியின் பெல்மார் நிலையத்தில், மார்க்கோனி நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் சார்னாஃபுக்குத் தம் வாங்கியை இயக்கிக் காட்டினார். அயர்லாந்து, ஹவாய் போன்ற தொலைதூர நிலையங்களின் குறிகைகள் அதில் தெளிவாகக் கேட்டன. இருவருக்கும் இடையே நட்பு உருவாகியது இந்நிகழ்வுக்குப் பின்னரே ஆகும்.

முதல் உலகப் போரும் சூப்பர்ஹெட்டிரோடைனும்

1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும், ஆம்ஸ்ட்ராங் தரைப்படையின் சமிக்ஞைப் பிரிவில் கேப்டனாக நியமிக்கப்பட்டுப் பாரிசுக்கு அனுப்பப்பட்டார். பின்னர் மேஜராகப் பதவி உயர்வு பெற்றார். அப்போதைய குழாய்களால் மிக உயர்ந்த அதிர்வெண் கொண்ட மெலிந்த குறிகைகளை நேரடியாகப் பெருக்க இயலவில்லை. குழாயின் மின்முனைகளுக்கு இடையிலிருந்த மின்தேக்கமே இதற்குக் காரணம்.

இதற்கு ஆம்ஸ்ட்ராங் கண்ட தீர்வு, அந்தக் குறிகையையே குழாய்க்கு ஏற்ற தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு மாற்றுவது ஆகும். வரும் குறிகையுடன், வாங்கிக்குள்ளேயே உண்டாக்கப்படும் மற்றோர் அலை கலக்கப்படுகிறது. இரண்டின் அதிர்வெண் வேறுபாட்டுக்குச் சமமான புதிய குறிகை தோன்றுகிறது. இது இடைநிலை அதிர்வெண் எனப்படும். எந்த நிலையத்தைக் கேட்டாலும் இந்த இடைநிலை அதிர்வெண் மாறாது என்பதால், பெருக்கிகளை அந்த ஓர் அதிர்வெண்ணுக்கு மட்டும் மிகக் கூர்மையாக ஒத்திசைத்து வைக்க முடியும். இதனால் உணர்திறனும், அருகிலுள்ள நிலையங்களைப் பிரித்தறியும் திறனும் ஒருங்கே கிடைத்தன.

இம்முறைக்கு 1918 இறுதியில் பிரான்சிலும் 1919இல் அமெரிக்காவிலும் காப்புரிமம் கோரினார். அமெரிக்கக் காப்புரிமம் 1920 ஜூன் 8 அன்று வழங்கப்பட்டது. பிரான்சின் லூசியன் லெவி இதைப்போன்ற கருத்துக்கு 1917இலேயே விண்ணப்பித்திருந்தார். ஜெர்மனியின் வால்டர் ஷாட்கியும் தனியாக இதே கருத்தை அடைந்திருந்தார். அமெரிக்கக் காப்புரிம உரிமைகளுள் பெரும்பாலானவை பின்னாளில் லெவிக்கே வழங்கப்பட்டன. ஆயினும் இம்முறையைச் செயல்படும் கருவியாக்கி நிலைநிறுத்தியதில் ஆம்ஸ்ட்ராங்கின் பங்கு பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. பிற்கால வானொலி, தொலைக்காட்சி, ராடார் வாங்கிகளுள் மிகப் பெரும்பாலானவை இந்தத் தத்துவத்தைப் பின்பற்றியே அமைக்கப்பட்டன.

மிகை மீளாக்கமும் திருமணமும்

1920இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் இவருடைய மீளாக்கம், சூப்பர்ஹெட்டிரோடைன் காப்புரிமங்களை 3,35,000 டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு, வழக்கு ஒன்றுக்காகப் பழைய சோதனைகளை மீண்டும் செய்து பார்த்தபோது மிகை மீளாக்கத்தைக் கண்டறிந்தார். மீளாக்கச் சுற்று தானாக அலைவுறத் தொடங்கும் தருவாயில் மிகுந்த பெருக்கத்தைத் தருகிறது. எல்லையைத் தாண்டினால் ஊளையிடுகிறது. மிகை மீளாக்கச் சுற்றில், குழாய் அலைவுறத் தொடங்கியதும் அந்த அலைவு உடனே தணிக்கப்படுகிறது. நொடிக்குப் பல்லாயிரம் முறை இவ்வாறு தொடங்குவதும் தணிவதும் நிகழ்வதால், ஒற்றைக் குழாயிலேயே மிகப் பெரிய பெருக்கம் கிடைக்கிறது.

இக்காப்புரிமத்தை ஆர்.சி.ஏ. நிறுவனம் இரண்டு லட்சம் டாலரும் 60,000 பங்குகளும் கொடுத்து வாங்கியது. இதனால் ஆம்ஸ்ட்ராங் அந்நிறுவனத்தின் மிகப் பெரிய தனிப் பங்குதாரர் ஆனார். அந்நிறுவனத்தின் உயர் பொறுப்பில் அப்போது சார்னாஃப் இருந்தார். 1923இல் நியூயார்க்கின் ஏயோலியன் மன்றத்தின் மேலிருந்த ஆர்.சி.ஏ. ஆன்டெனா கோபுரத்தின் உச்சிக்கு ஏறி ஆம்ஸ்ட்ராங் எடுத்துக்கொண்ட படங்கள் பரவலாக அறியப்பட்டவை. சார்னாஃபின் செயலாளராக இருந்த மரியான் மெக்கின்னிசை அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று மணந்தார். கையில் எடுத்துச் செல்லத்தக்க சூப்பர்ஹெட்டிரோடைன் வானொலி ஒன்றைத் தாமே செய்து மனைவிக்குத் திருமணப் பரிசாக அளித்தார்.

டி ஃபாரஸ்டுடன் வழக்கு

மீளாக்கச் சுற்றை முதலில் கண்டறிந்தவர் யார் என்பது குறித்து ஆம்ஸ்ட்ராங், டி ஃபாரஸ்ட், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் இர்விங் லாங்மியூர், ஜெர்மனியின் அலெக்சாண்டர் மைஸ்னர் ஆகிய நால்வரும் உரிமை கோரினர். இறுதியில் போட்டி முதல் இருவருக்கும் இடையிலானதாக ஆகியது. 1912 ஆகஸ்டில் தம் ஆடியான் சுற்றில் ஊளை ஒலி எழுந்ததைக் குறித்து வைத்திருந்ததை டி ஃபாரஸ்ட் சான்றாகக் காட்டினார். அந்நிகழ்வின் பொருளை அவர் அப்போது உணரவில்லை என்பது ஆம்ஸ்ட்ராங் தரப்பின் வாதம்.

1921, 1922ஆம் ஆண்டுகளில் நியூயார்க் நீதிமன்றங்கள் ஆம்ஸ்ட்ராங்குக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தன. எதிர்த்தரப்பு கடும் பணநெருக்கடியில் இருந்த அந்நேரத்தில், இழப்பீட்டைத் தள்ளுபடி செய்திருந்தால் வழக்கு அத்துடன் முடிந்திருக்கும். ஆம்ஸ்ட்ராங் அதற்கு இணங்கவில்லை. 1924இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் டி ஃபாரஸ்டுக்கு முன்னுரிமை அளித்தது. வழக்கு இருமுறை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1934 மே மாதத்தில் இறுதித் தீர்ப்பும் டி ஃபாரஸ்டுக்கே சாதகமாக அமைந்தது.

தீர்ப்பின் தொழில்நுட்ப விளக்கத்தில் பிழைகள் இருப்பதாகப் பல பொறியியலாளர்கள் கருதினர். மீளாக்கத்துக்காக 1917இல் வானொலிப் பொறியியலாளர் கழகம் தமக்கு அளித்த முதல் கௌரவப் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க, ஆம்ஸ்ட்ராங் அதே ஆண்டு பிலடெல்பியா மாநாட்டுக்குச் சென்றார். கழகம் அதைத் திரும்பப் பெற மறுத்து, பதக்கம் அவருக்கே உரியது என மீண்டும் உறுதி செய்தது.

அதிர்வெண் பண்பேற்றம்

மின்னல், மின்பொறிகள் முதலியவற்றால் வானொலியில் ஏற்படும் இரைச்சலை நீக்குவது, புப்பினுடன் இணைந்து ஆம்ஸ்ட்ராங் நீண்டகாலம் முயன்ற சிக்கலாகும். அக்கால ஒலிபரப்பு முழுவதும் வீச்சுப் பண்பேற்ற முறையில் நடந்தது. இம்முறையில் ஒலிக்கேற்ப ஊர்தி அலையின் வீச்சு கூடிக் குறைகிறது. இரைச்சலும் பெரும்பாலும் வீச்சு மாற்றமாகவே வந்து சேர்வதால், வாங்கியால் இரண்டையும் பிரித்தறிய முடிவதில்லை. எனவே நிலையங்கள் தம் திறனைக் கூட்டி இரைச்சலை அமிழ்த்த முயன்றன. சின்சினாட்டி நகரின் டபிள்யூஎல்டபிள்யூ நிலையம் 1934 முதல் 1939 வரை 500 கிலோவாட் திறனில் ஒலிபரப்பியது இப்போக்கின் உச்சம் எனலாம்.

அதிர்வெண்ணை மாற்றிப் பண்பேற்றும் கருத்து முன்பே அறியப்பட்டிருந்தது. ஆனால் அதிர்வெண் மாற்றத்தை மிகக் குறுகிய பட்டைக்குள் அடக்கவே பலரும் முயன்றனர். அதனால் பயன் எதுவும் இல்லை என 1922இல் ஜான் கார்சன் கணித வழியில் காட்டியிருந்தார். ஆம்ஸ்ட்ராங் இதற்கு நேர்மாறான வழியில் சென்றார். பட்டையைக் குறுக்காமல், வேண்டுமென்றே அகலமாக்கினார். வாங்கியில் வீச்சு வரம்பி ஒன்றை அமைத்து, வீச்சில் ஏற்படும் மாற்றங்கள் அனைத்தையும் வெட்டி நீக்கினார். எஞ்சிய அதிர்வெண் மாற்றத்தை மட்டும் ஒலியாக மாற்றினார்.

இதன் பயனை ஓர் எளிய கணக்கால் அறியலாம். பின்னர் நிலைபெற்ற பண்பலைத் தரத்தில் அதிர்வெண் விலக்கம் 75 கிலோஹெர்ட்ஸ், மிக உயர்ந்த ஒலி அதிர்வெண் 15 கிலோஹெர்ட்ஸ் ஆகும். இவற்றின் விகிதம் 5. குறிகை ஒரு குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருக்கும்போது, குறிகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள திறன் விகிதம், அதே ஊர்தித் திறனுள்ள வீச்சுப் பண்பேற்றத்தை விட இவ்விகிதத்தின் வர்க்கத்தைப் போல் மூன்று மடங்கு, அதாவது 75 மடங்கு மேம்படுகிறது. இதே மேம்பாட்டை வீச்சுப் பண்பேற்றத்தில் பெறப் பரப்பியின் திறனை 75 மடங்கு கூட்ட வேண்டும்.

பரப்பியின் அமைப்பிலும் மற்றொரு நன்மை கிடைத்தது. வீச்சுப் பண்பேற்றத்தை இறுதிக் குழாயின் தகட்டில் செய்யும்போது, அக்குழாய்க்குத் தரப்படும் நேர் மின்னோட்டத் திறனில் பாதியளவு ஒலித் திறன் தேவைப்படுகிறது. உச்சத்தில் குழாய் நான்கு மடங்கு திறனைத் தாங்க வேண்டும். அதிர்வெண் பண்பேற்றத்தில் வீச்சு மாறுவதில்லை. ஆம்ஸ்ட்ராங்கின் பரப்பியில், படிக அலையியற்றியின் மெலிந்த அலையிலேயே சிறிய கட்ட மாற்றமாகப் பண்பேற்றம் செய்யப்பட்டது. பின் அதிர்வெண் பெருக்கிகள் அம்மாற்றத்தைப் பன்மடங்காக்கின. இறுதிக் குழாய்கள் எப்போதும் ஒரே அளவுத் திறனில் இயங்கின.

இம்முறைக்கான காப்புரிமங்கள் 1933 டிசம்பர் 26 அன்று வழங்கப்பட்டன. சார்னாஃபின் இசைவுடன் 1934இல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலிருந்து சோதனைகள் நடந்தன. ஏறக்குறைய 70 மைல் தொலைவிலுள்ள வெஸ்ட்ஹாம்ப்டன் கடற்கரையிலும், பின்னர் நியூ ஜெர்சியின் ஹாடன்ஃபீல்டிலும் குறிகைகள் தெளிவாகப் பெறப்பட்டன. ஆயினும் தொலைக்காட்சிக்கு முதன்மை அளித்த ஆர்.சி.ஏ., 1935இல் கருவிகளை அங்கிருந்து அகற்றும்படி கேட்டுக்கொண்டது. அவ்வாண்டு நவம்பர் 5 அன்று நியூயார்க்கில் பொறியியலாளர்கள் கூட்டத்தில் ஆம்ஸ்ட்ராங் தம் முறையை விளக்கி, யோங்கர்சில் நண்பர் ஒருவரின் வீட்டிலிருந்த பயில்நிலை வானொலி நிலையத்திலிருந்து வந்த ஒலிபரப்பைக் கேட்கச் செய்தார்.

பிறகு தம் சொந்தப் பணத்தில் 3,00,000 டாலருக்கு மேல் செலவிட்டு, நியூ ஜெர்சியின் ஆல்பைனில் ஹட்சன் ஆற்றங்கரைக் குன்றின் மீது ஏறக்குறைய 400 அடி உயரக் கோபுரத்துடன் டபிள்யூ2எக்ஸ்எம்என் என்னும் நிலையத்தை அமைத்தார். அது 1939 முதல் 42.8 மெகாஹெர்ட்சில் 40 கிலோவாட் திறனில் முறையாக இயங்கியது. நியூ இங்கிலாந்துப் பகுதியின் யாங்கி வலையமைப்பும் பண்பலை நிலையங்களைத் தொடங்கியது. 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் 1941 ஜனவரி 1 முதல் வணிக ஒலிபரப்புக்கு இசைவு கிடைத்தது. ஆர்.சி.ஏ. 1940இல் ஒரே தொகையாகப் பத்து லட்சம் டாலர் தர முன்வந்தது. பிற நிறுவனங்கள் விற்பனைக்கேற்ப உரிமத்தொகை செலுத்தும்போது ஆர்.சி.ஏ.வுக்கு மட்டும் விலக்களிக்க முடியாது எனக் கூறி ஆம்ஸ்ட்ராங் அதை ஏற்கவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது தம் காப்புரிமங்களை உரிமத்தொகை பெறாமல் படைத்துறையின் பயன்பாட்டுக்கு அளித்தார். அமெரிக்கக் கவச வண்டிகளின் வானொலிகளிலும், வீரர்கள் முதுகில் சுமந்து சென்ற எஸ்சிஆர்-300 கருவியிலும் அதிர்வெண் பண்பேற்றம் பயன்பட்டது. எஞ்சின் தீப்பொறிகளின் இரைச்சலுக்கிடையே பேச்சு தெளிவாகக் கேட்க இது உதவியது. எஸ்சிஆர்-300 ஒரு வாட்டுக்கும் குறைவான திறனில் இயங்கியது.

அலைவரிசை மாற்றமும் திறன் வரம்பும்

1945 ஜூன் 27 அன்று அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் பண்பலையை ஏறக்குறைய 100 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்கு மாற்ற முடிவு செய்தது. சூரியப் புள்ளிகள் மிகும் காலத்தில் பழைய பட்டையில் அயனி மண்டலத்தால் குறுக்கீடு ஏற்படும் என்பது ஆணையம் கூறிய காரணம். ஆம்ஸ்ட்ராங்கும் வேறு சில வல்லுநர்களும் இக்கணிப்பை மறுத்துச் சான்றளித்தனர். இம்மாற்றத்தால் மக்கள் கையிலிருந்த சில லட்சம் வாங்கிகளும், இயங்கிக்கொண்டிருந்த பரப்பிகளும் பயனற்றுப் போயின.

இத்துடன், ஒவ்வொரு நிலையமும் ஒரு நகரச் சந்தையின் எல்லைக்குள் அடங்குமாறு திறனுக்கும் ஆன்டெனா உயரத்துக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. பெரிய நகரங்கள் நிறைந்த வடகிழக்குப் பகுதியில் இவ்வரம்பு 500 அடி உயர ஆன்டெனாவுக்கு 20 கிலோவாட் பயனுறு திறன் என்னும் அளவில் இருந்தது. உயர்ந்த மலைமீது அமைந்து பல மாநிலங்களுக்குக் கேட்கும் நிலையங்கள் என்னும் ஆம்ஸ்ட்ராங்கின் திட்டம் இதனால் தடைப்பட்டது. அதிக நிலையங்களுக்கு இடமளிக்க இவ்வரம்பு தேவை என்பது ஆதரித்தோரின் வாதம். வீச்சுப் பண்பேற்ற நிலையங்களை வைத்திருந்த பெருநிறுவனங்களைக் காக்கவே இது உதவியது என்பது எதிர்த்தோரின் வாதம்.

ஆர்.சி.ஏ. வழக்கும் இறுதிக் காலமும்

தொலைக்காட்சியின் ஒலிப்பகுதிக்கும் அதிர்வெண் பண்பேற்றமே அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்டிருந்தது. ஆர்.சி.ஏ. தாம் தனியே உருவாக்கிய சுற்றுகளைப் பயன்படுத்துவதாகக் கூறி உரிமத்தொகை செலுத்தவில்லை. 1948 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் ஆர்.சி.ஏ. மீதும் அதன் துணை நிறுவனமான என்.பி.சி. மீதும் டெலவேர் மாநிலத்தில் வழக்குத் தொடர்ந்தார். முன்விசாரணையே ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1950 டிசம்பரில் அடிப்படைக் காப்புரிமங்களின் காலம் முடிவுற்றதால் உரிமத்தொகை வருவாயும் குறைந்தது. வழக்குச் செலவுகள் அவருடைய செல்வத்தைப் பெரிதும் கரைத்தன.

1953 நவம்பரில் ஏற்பட்ட கடுமையான சச்சரவில் ஆம்ஸ்ட்ராங் தம் மனைவியைத் தாக்கினார். மரியான் வீட்டை விட்டு வெளியேறித் தம் சகோதரியிடம் சென்றார். 1954 ஜனவரி 31 இரவு, மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதி வைத்துவிட்டு, ஆம்ஸ்ட்ராங் நியூயார்க்கில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தம் முதல் சுற்றின் வரைபடத்தைச் சான்றுறுதி செய்து சரியாக 41 ஆண்டுகள் நிறைவுற்ற நாள் அது.

மறைவுக்குப் பின்

வழக்கை மரியான் தொடர்ந்தார். 1954 டிசம்பரில் ஆர்.சி.ஏ. பத்து லட்சம் டாலருக்குச் சற்று அதிகமான தொகைக்குச் சமரசம் செய்துகொண்டது. பிற நிறுவனங்கள் மீதான வழக்குகளும் ஒவ்வொன்றாக மரியானுக்குச் சாதகமாக முடிந்தன. இறுதியாக மோட்டோரோலா நிறுவனத்துடனான வழக்கு 1967இல் முடிவுக்கு வந்தது. அதிர்வெண் பண்பேற்றத்தில் ஆம்ஸ்ட்ராங்கின் உரிமை இவ்வாறு அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் முழுமையாக நிலைநாட்டப்பட்டது.

ஆல்பைன் கோபுரம் அவர் மறைவுக்குப் பின்னும் பயன்பாட்டில் இருந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் உலக வணிக மையத்தின் மேலிருந்த ஆன்டெனாக்கள் அழிந்தபோது, நியூயார்க் தொலைக்காட்சி நிலையங்கள் சில இக்கோபுரத்திலிருந்து ஒளிபரப்பின. இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையத்தில் முதன்முதலாகத் தொடங்கியது.

குழாய்ச் சிபி வானொலிகளில் இவருடைய சுற்றுகள்

பொதுமக்கள் குறுந்தொலைவில் பேசிக்கொள்வதற்கான சிபி வானொலிச் சேவைக்கு அமெரிக்காவில் 1958இல் 27 மெகாஹெர்ட்ஸ் பட்டை ஒதுக்கப்பட்டது. அதன் தொடக்கக் காலக் கருவிகள் வெற்றிடக் குழாய்களால் ஆனவை. ஹீத்கிட் சிபி-1 போன்ற விலை குறைந்த கருவிகளில் மிகை மீளாக்க வாங்கியும், விலை உயர்ந்தவற்றில் சூப்பர்ஹெட்டிரோடைன் வாங்கியும் இருந்தன. பரப்பும் பகுதியில் படிக அலையியற்றிக் குழாயும் அதைத் தொடர்ந்து திறன் பெருக்கிக் குழாயும் இருந்தன. அலையியற்றியாக இயங்கும் குழாய் ஆம்ஸ்ட்ராங்கின் 1912ஆம் ஆண்டுச் சோதனைகளின் வழிவந்தது.

இச்சேவையில் திறன் வரம்பு தொடக்கத்தில் இறுதிக் குழாயின் தகட்டுக்குத் தரப்படும் 5 வாட் என வரையறுக்கப்பட்டது. தகட்டு மின்னழுத்தம் 250 வோல்ட், மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர் எனில் அவற்றின் பெருக்கம் 5 வாட் ஆகும். இதில் ஒரு பகுதி வெப்பமாகப் போக, எஞ்சியதே ஆன்டெனாவை அடையும். பின்னாளில் இவ்வரம்பு 4 வாட் வெளியீட்டுத் திறன் என மாற்றப்பட்டது.

தகட்டு மின்னழுத்தத்தைக் கூட்டியோ பெரிய குழாயைப் பொருத்தியோ இவ்வரம்பைத் தாண்டப் பலர் முயன்றனர். இது சட்டத்துக்குப் புறம்பானது. இதனால் கிடைக்கும் பயனும் சிறிது. திறனை இருமடங்காக்கினால் குறிகை 3 டெசிபெல் மட்டுமே கூடும். குறிகைமானியின் ஓர் அலகு வழக்கமாக 6 டெசிபெல் என்பதால், முள் அரை அலகே நகரும். பண்பேற்றிக் குழாயின் ஒலித் திறன் அதற்கேற்பக் கூடாவிட்டால் பண்பேற்ற அளவு குறைந்து, ஊர்தி அலை வலுத்தும் பேச்சு மெலிந்தும் கேட்கும். மேலும், 27 மெகாஹெர்ட்சின் இரண்டாம் இசையமான 54 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவின் இரண்டாம் தொலைக்காட்சித் தடத்தின் எல்லையில் விழுவதால் அண்டை வீடுகளில் படம் குலையும். வரம்புக்குட்பட்டே நல்ல ஆன்டெனாவை அமைப்பதும், இறுதிச் சுற்றை ஒத்திசைவுக்குச் சரியாகத் திருத்துவதும் கூடுதல் பயன் தரும்.

சிபி வானொலி நீண்டகாலம் வீச்சுப் பண்பேற்றத்தையும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையையும் மட்டுமே கொண்டிருந்தது. ஆம்ஸ்ட்ராங்கின் அதிர்வெண் பண்பேற்றத்தை இச்சேவையில் பயன்படுத்த அமெரிக்க ஆணையம் 2021இல் இசைவளித்தது.

விருதுகளும் சிறப்புகளும்

* வானொலிப் பொறியியலாளர் கழகத்தின் கௌரவப் பதக்கம், 1917
* பிரான்சு நாட்டின் லெஜியன் ஆஃப் ஆனர், 1919
* பிராங்க்ளின் பதக்கம், 1941
* அமெரிக்க மின்பொறியியலாளர் கழகத்தின் எடிசன் பதக்கம், 1942
* அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கில் இடம், 1980
* அமெரிக்க அஞ்சல்துறையின் நினைவு அஞ்சல் தலை, 1983
* கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இவருடைய ஆய்வகம் அமைந்திருந்த தத்துவ மன்றக் கட்டடம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது, 2003